தொண்டைக் கரகரப்பில் தொடங்கிய காய்ச்சல்: மணம் போகவில்லை என்றால் கொரோனா இல்லை என்று கொள்ளலாமா?

#1 உவர்மலை ஆசிரியை | சனிக்கிழமை, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் மூவருக்கு உடம்பு சரியில்லாமல் போயிருப்பதால், அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒன்பது வயது மகளுக்கு வியாழக்கிழமை முதல் மூக்கால் நீர் வடிகிறது. காய்ச்சல் இல்லை, வழக்கம் போல ஓடியாடித் திரிகிறாள். கொழும்பில் வேலை செய்யும் கணவர் திங்கள் இரவு ரயிலேறிச் செவ்வாய் காலை வீடு வந்து சேர்ந்தார். வெள்ளி இரவு தொண்டையில் முள் குத்துவது போல இருக்கிறது என்றார்; இன்று 101 பாகை காய்ச்சலும், தலையிடியும், எழும்ப முடியாத உடம்பு நோவுமாகப் படுத்திருக்கிறார். அப்பாவுக்கு 71 வயது, இருபது வருடமாகச் சீனி வருத்தம் உண்டு. அவருக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் படுத்தவர், பின்னேரம் எழும்பி ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டார்.

2021 இல் எங்கள் வீட்டுக்குக் கொரோனா வந்தபோது கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. அடுப்பில் கருவாடு பொரிந்துகொண்டிருந்தும் வீட்டில் ஒருவருக்கும் மணக்கவில்லை. இந்தத் தடவை கணவருக்குக் கோப்பியின் மணமும் ருசியும் நன்றாகவே தெரிகின்றன. எனவே இதை மழைக்காலத் தடிமன் என்று எடுத்துக்கொள்ளலாமா? மல்லித் தண்ணீர் கொடுத்தேன், உடம்பு நோவுக்கு வலி மாத்திரை ஒன்றும் கொடுத்திருக்கிறேன்.

#2 வெண்தொப்பி | சனிக்கிழமை, இரவு 9.15

ரீச்சர், நான் தாதி உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். வைத்தியர் அல்லள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

மணம் தெரிகிறது என்பதற்காகக் கொரோனா இல்லை என்று கொள்ள முடியாது. முதலில் வந்த வகைகளில் மூக்கு அடைபடாமலே மணம் போனதற்குக் காரணம், மணத்தை உணரும் நரம்பணுக்களுக்குத் துணையாக நிற்கும் அணுக்களை அந்த வைரஸ் தாக்கியதே என்று பின்னர் தெரியவந்தது. 2021 இன் கடைசியில் பரவிய ஒமிக்ரோனுடன் அந்த அடையாளம் பெருமளவு மங்கிவிட்டது. பிரித்தானியாவில் தடுப்பூசி பெற்றவர்களிடையே நடத்தப்பட்டு 2022 இல் வெளியான ஓர் ஆய்வில், அதற்கு முன் பரவிய டெல்டா வகையின் காலத்தில் 52.7 சதவீதத்தினர் மணத்தை இழந்ததாகச் சொல்லியிருக்க, ஒமிக்ரோன் காலத்தில் அது 16.7 சதவீதமாக இறங்கியிருந்தது. அதே ஆய்வில் தொண்டை நோ 60.8 இலிருந்து 70.5 சதவீதமாக ஏறியிருந்தது. உங்கள் வீட்டில் இப்போது நடப்பதும் அதுதான்: மூக்கால் நீர், தொண்டையில் முள், அதன் பிறகு காய்ச்சல். இந்த வரிசை கொரோனாவுக்கும் பொருந்தும், இன்புளுவென்சாவுக்கும் பொருந்தும், சாதாரணத் தடிமனுக்கும் பொருந்தும். முதல் இரண்டு நாளில் அறிகுறியை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல எவராலும் இயலாது. பெரிய வைத்தியராக இருந்தாலும் சோதனையைத்தான் நாடுவார்.

பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு நாளை எண்ணுங்கள். ஒரு தாளில் மூன்று நிரல் போட்டு, ஒவ்வொருவருக்கும் முதல் கரகரப்போ, முதல் தும்மலோ, முதல் சோர்வோ எந்த நாளில் வந்தது என்று எழுதி வையுங்கள். காய்ச்சல் வந்த நாளை முதல் நாளாகக் கொள்ள வேண்டாம். கணவருக்கு வெள்ளி இரவுதான் முதல் நாள். சோதனை எப்போது செய்வது, எந்த நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் தங்கியிருக்கின்றன.

நீங்கள் கணவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ அப்பாவை நினைத்துத்தான் கவலையாக இருக்கிறது. வயது போனவர்களுக்கு, அதிலும் சீனி உள்ளவர்களுக்கு, தொற்று காய்ச்சலாகத் தொடங்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. சாப்பாட்டில் விருப்பமின்மை, வழமைக்கு மாறான உறக்கம், ஒரு சிறிய தடுமாற்றம், கேட்டதையே திரும்பக் கேட்பது ஆகியவையே முதல் அறிகுறியாக இருந்துவிடலாம். வீட்டில் சீனி பார்க்கும் கருவி இருந்தால் இப்போதே ஒரு தரம் பாருங்கள்.

#3 கிண்ணியாப் பாலம் | சனிக்கிழமை, இரவு 9.32

ரீச்சர், மற்றதெல்லாம் பிறகு. நீங்கள் கொடுத்த வலி மாத்திரையின் பெயர் என்ன?

#4 உவர்மலை ஆசிரியை | சனிக்கிழமை, இரவு 9.40

டைக்குளோபெனக். போன வருடம் நாரி நோவுக்கு வாங்கியதில் மிஞ்சியிருந்தது.

#5 கிண்ணியாப் பாலம் | சனிக்கிழமை, இரவு 10.05

தயவுசெய்து அதை இனிக் கொடுக்க வேண்டாம். மழை விட்டும் விடாமலும் இருக்கும் இந்த மாதத்தில், எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் 101 பாகை காய்ச்சலோடும் உடம்பு நோவோடும் ஒருவர் படுத்தால், கொரோனாவுக்கு முன் டெங்கு நினைவுக்கு வர வேண்டும். 2017 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் கிண்ணியாவில் வீட்டுக்கு வீடு டெங்கு நுழைந்ததை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள்; 440 பேர் இறந்தார்கள். என் வாப்பாவும் அப்போது ஆறு நாள் வார்டில் இருந்து தப்பி வந்தவர்.

டெங்குவில் டைக்குளோபெனக், இபுபுரூபன், அஸ்பிரின் ஆகியவை இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். நோ தாங்க முடியாவிட்டாலும் பரசிற்றமோல் ஒன்றுதான்; வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. அப்பாவுக்கு இதய வருத்தத்துக்கென்று அஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வைத்தியரிடம் கேளுங்கள்.

கண்ணுக்குப் பின்னால் நோ, மூட்டு உளைவு, தோலில் சிவப்பு ஆகியவை டெங்குவின் பக்கம் சாய்வன. தொண்டை நோவும் மூக்கால் வடிவதும் இருமலும் கொரோனாவின் பக்கம் சாய்வன. சாய்வன என்றுதான் சொல்கிறேன். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒன்றாக வந்ததும் உண்டு. காய்ச்சலின் மூன்றாம் நாளில் இரத்தத்தை ஒரு தரம் சோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள், அதோடு டெங்கு அன்டிஜன் சோதனையும் செய்யுங்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் நான் தாதி மிஸ்ஸோடு மாறுபடுகிறேன். டெங்குவுக்கு நாளை எண்ணும்போது காய்ச்சல் வந்த நேரத்திலிருந்துதான் எண்ண வேண்டும். காய்ச்சல் இறங்குகிற நாளில்தான் டெங்கு ஆபத்தாகும். வயிற்று நோ, விடாத சத்தி, முரசில் இரத்தம், கை கால் குளிர்தல், சலம் குறைதல் ஆகியவை அப்போதுதான் தலைகாட்டும்; காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதி கொள்வதும் அதே நாளில்தான்.

#6 வெண்தொப்பி | சனிக்கிழமை, இரவு 10.20

தம்பி சொல்வது சரி. நான் அதைச் சேர்த்திருக்க வேண்டும். கணவரின் நிரலில் இரண்டு கணக்கு எழுதுங்கள், ரீச்சர்: தொண்டைக் கணக்கில் இன்று இரண்டாம் நாள், காய்ச்சல் கணக்கில் இன்று முதல் நாள். வயலில் நின்றவராகவோ வெள்ளத்தில் நடந்தவராகவோ இருந்திருந்தால் எலிக்காய்ச்சலையும் கேட்டிருப்பேன். கந்தளாய், தம்பலகாமம் பக்கத்தவர்கள் அதையும் மறக்கலாகாது.

#7 சாம்பல்தீவான் | ஞாயிற்றுக்கிழமை, காலை 6.50

எல்லோர் மீதும் மரியாதை வைத்தே கேட்கிறேன். உலக சுகாதார நிறுவனமே 2023 மே 5 ஆம் திகதி அவசரநிலை முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டது. தடுப்பூசியும் போட்டாயிற்று, பெரும்பாலானோருக்கு ஒரு தரம் இரண்டு தரம் வந்தும் போயிற்று. இனிமேல் அது கொரோனாவா, வேறு தடிமனா என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? எது வந்தாலும் செய்யப்போவது இஞ்சியும் மல்லியும் அவித்துக் குடித்து, வேது பிடித்து, மூன்று நாள் படுப்பதுதானே? சோதனைக் கருவிக்குக் கொடுக்கும் காசுக்கு வீட்டுக்கு மீன் வாங்கலாம்.

ஒவ்வொரு தும்மலுக்கும் பயந்து நடுங்கிய அந்த இரண்டு வருடங்களை நாங்கள் மறந்துவிடவில்லை. எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போக முடியாமல் வள்ளங்கள் மணலில் கிடந்ததைப் பார்த்தவனாகவே சொல்கிறேன்.

#8 வெண்தொப்பி | ஞாயிற்றுக்கிழமை, காலை 7.30

ஐயா, உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. முப்பது வயதுத் திடகாத்திரமான ஆளுக்கு வந்தால் நீங்கள் சொன்ன மூன்று நாள் படுக்கை போதும். அவருக்குச் சோதனை வேண்டும் என்று நானும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அதே வீட்டில் 71 வயதுச் சீனி நோயாளி ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர்கள், சீனி, பிரஷர், இதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இந்த நோய் இன்றும் வெறும் தடிமன் அன்று. சாதாரணத் தடிமன் மூன்றாம் நாளோடு இறங்கத் தொடங்கும். கொரோனா கடுமையாகும் ஆட்களுக்கோ முதல் நாலைந்து நாள் சுமாராக ஓடி, ஐந்துக்கும் பத்துக்கும் இடையில்தான் நெஞ்சில் இறங்கும். என்ன நோய் என்று தெரிந்தால் அந்த நாட்களில் எவரைக் கண் வைத்துப் பார்ப்பது என்பதும் தெரியும்.

இன்னொன்று, அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே இது பரவக்கூடியது. தொற்றிய நாளிலிருந்து அறிகுறி வெளிப்பட முன்பெல்லாம் சராசரியாக ஐந்து நாள் எடுத்தது. ஒமிக்ரோனில் அது மூன்று நாளளவில் குறுகிவிட்டது. அதனால் கொழும்பிலிருந்து வந்தவர் கொண்டுவந்தாரா, பிள்ளை ரியூசன் வகுப்பிலிருந்து கொண்டுவந்தாளா என்று வீட்டுக்குள் வழக்குப் பேசிப் பயனில்லை.

மல்லித் தண்ணீரை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். உடம்பில் நீர் குறையாமல் இருப்பது நல்லதே. வேது பிடிப்பதை மட்டும் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்யாதீர்கள். கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து தொடை வெந்துபோன பிள்ளைகளை வார்டில் கண்டிருக்கிறேன். அந்த வேது வைரஸை ஒன்றும் செய்வதில்லை.

#9 சாம்பல்தீவான் | ஞாயிற்றுக்கிழமை, காலை 7.48

வயது போனவர்கள் விடயத்தில் ஒத்துக்கொள்கிறேன், மிஸ். மற்றவர்கள் விடயத்தில் என் கருத்து மாறவில்லை.

#10 மூதூர்ப் படகு | ஞாயிற்றுக்கிழமை, காலை 8.25

அம்மாவின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். 2021 ஓகஸ்ட் 20 ஆம் திகதி இரவு முதல் நாடு பூட்டப்பட்டதல்லவா, அந்த வாரத்தில் நடந்தது. அம்மாவுக்கு அப்போது 63 வயது. முதல் நாலு நாள் காய்ச்சலும் இருமலும்தான். அருகிலிருந்த ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் நெஞ்சைக் கூடச் சரியாகச் சோதிக்காமல் பாணிமருந்தும் மாத்திரைகளும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. ஏழாம் நாள் காலையில் முற்றத்தில் கதிரை போட்டு அமர்ந்து, தொலைபேசியில் தங்கைக்குச் சமையல் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாட்டுப் போலக் கொண்டுவந்த, இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்டும் ஒக்சிமீற்றரை விரலில் மாட்டியபோது 88 என்று காட்டியது. கருவி பழுது என்று எண்ணி என் விரலில் மாட்டினேன், 98 காட்டியது. திரும்ப அம்மாவின் விரலில் மாட்டினேன், 87.

மூச்சு வாங்கவில்லை, முகத்தில் களைப்பு இல்லை, பேச்சில் தடக்கம் இல்லை. பின்னர் வைத்தியர் விளங்கப்படுத்தினார்: உடம்பில் கரியமிலவாயு சேரும்போதுதான் மூச்சு முட்டுகிறது என்ற உணர்வு பெரிதும் வரும்; இந்த நோயில் சிலருக்கு அந்த வாயு வழக்கம் போல வெளியேறிக்கொண்டே இருக்க, ஒட்சிசன் மட்டும் ஓசைப்படாமல் இறங்கும். கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பதினொரு நாள் ஒட்சிசனில் இருந்து வீடு வந்தார். இன்றும் படியேறினால் நின்று நின்றுதான் ஏறுவார்.

ஆகவே ரீச்சர், அப்பாவைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார் என்ற எண்ணத்தை நம்பாதீர்கள். அளந்து பாருங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் துடைத்து, ஐந்து நிமிடம் அமர வைத்து, விரலில் மாட்டியபின் எண் ஓரிடத்தில் நிலைக்கும் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். எங்களைப் போன்ற கருத்த தோலில் அந்தக் கருவி சில வேளை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

#11 உவர்மலை ஆசிரியை | ஞாயிற்றுக்கிழமை, காலை 9.10

இரவெல்லாம் உங்கள் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கணவருக்கு நேற்று இரவு கொரோனா அன்டிஜன் சோதனை செய்தோம். ஒரு கோடுதான் வந்தது. அப்பாவுக்கு இன்று காலை ஒட்சிசன் 95, ஒரு தரம் 94 காட்டிப் பிறகு 95. வெறும் வயிற்றில் சீனி 312. வழக்கமாக 140 அளவில்தான் இருக்கும்; மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. கணவருக்கு இல்லை என்று வந்துவிட்டதால் அப்பாவுடையது சீனிக் கோளாறு மட்டும்தானா?

#12 வெண்தொப்பி | ஞாயிற்றுக்கிழமை, காலை 9.18

அப்பாவை இப்போதே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். காரணமின்றிச் சீனி இப்படித் தாவினால், உடம்புக்குள் எங்கோ தொற்று இருக்கிறது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். அதோடு மனக்குழப்பமும் சேர்ந்திருக்கிறது. ஓட்டோ தேடி நேரத்தைப் போக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். உட்கொள்ளும் மாத்திரைகளையும், அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.

கணவரின் ஒற்றைக் கோட்டுக்கு இப்போது பெறுமதி இல்லை. இரண்டாம் நாளில் மூக்கில் வைரஸ் போதிய அளவு சேர்ந்திராவிட்டால் அன்டிஜன் சோதனை அதைப் பிடிக்காது. 48 மணித்தியாலம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு நாசித் துவாரங்களிலும் சுவரைத் தொட்டுச் சுழற்றி எடுங்கள்.

#13 மருந்துக் கடைக்காரன் | ஞாயிற்றுக்கிழமை, பகல் 12.30

இந்த மழையில் எங்கள் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் நோயின் பெயரைச் சொல்வதில்லை. மருந்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். "அன்றைக்குக் கொரோனாவுக்குத் தந்த அந்த மாத்திரை" என்று கேட்பவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் அசித்ரோமைசின் அல்லது டெக்சாமெதசோன். முதலாவது நுண்ணுயிர்க்கொல்லி, வைரஸை அது ஒன்றும் செய்யாது. இரண்டாவது, சீனியை ஏற்றிவிடும் ஸ்ரெரொய்ட் மருந்து; அதுதான் எனக்குப் பெரிய தலையிடி. 2020 ஜூனில் பிரித்தானியாவின் ரிக்கவரி ஆய்வு, ஒட்சிசன் தேவைப்பட்ட நோயாளர்களின் இறப்பை டெக்சாமெதசோன் குறைத்தது என்று காட்டியது உண்மை. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதே ஆய்வில் பயன் எதுவும் கிடைக்கவில்லை என்பதை ஒருவரும் சொல்வதில்லை. ரீச்சரின் அப்பாவைப் போல 312 இல் நிற்கும் ஒருவருக்கு முதல் நாளிலேயே அதைக் கொடுத்தால் சீனி எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சீட்டில்லாமல் தர மாட்டேன் என்றால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

#14 கிண்ணியாப் பாலம் | ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.15

ரீச்சர், பெரியவர் எப்படி இருக்கிறார்? துஆ செய்கிறோம்.

#15 உவர்மலை ஆசிரியை | வியாழக்கிழமை, இரவு 7.55

இத்தனை நாள் பதில் எழுத முடியாமற் போனதற்கு மன்னிக்க வேண்டும்.

ஞாயிறு காலையிலேயே அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே செய்த சோதனையில் கொரோனா உறுதியானது. அதுவரை அவருக்கு ஒரு தும்மல் கூட வரவில்லை. திங்கள் இரவுதான் முதன்முதலாக இருமினார். இன்சுலின் ஏற்றிச் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்து நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். சோர்வு எந்த நாளில் தொடங்கியது என்று வைத்தியர் கேட்டபோது, யோசிக்காமல் தாளை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, இவரின் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை ஒட்சிசனைக் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் எழுதி வையுங்கள், 94 இற்குக் கீழே போனால் காத்திருக்க வேண்டாம் என்றார்.

திங்கட்கிழமை கணவரின் இரத்தத்தைச் சோதித்தோம். டெங்கு இல்லை, தட்டணுக்களும் குறையவில்லை. அன்றிரவு செய்த இரண்டாவது அன்டிஜன் சோதனையில் இரண்டாவது கோடு மங்கலாக வந்தது. மங்கலாக வந்தாலும் கோடு கோடுதான் என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். மிச்சமிருந்த டைக்குளோபெனக்கைக் குப்பையில் போட்டுவிட்டேன். மகளுக்குச் சோதனை செய்யவில்லை. அவளுடைய நிரலில் "மூக்கு" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் எழுத வேண்டி வரவில்லை.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது, மிஸ். அப்பாவின் சனிக்கிழமைச் சோர்வை முதல் நாளாகக் கொண்டால் இன்று ஆறாம் நாள். ஆனால் வெள்ளிக்கிழமை இரவே பிட்டு வேண்டாம் என்று சொன்னவர் அவர் என்பது இன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது. அதையும் சேர்த்து எண்ணி, இன்றை ஏழாம் நாள் என்று வைத்துக்கொள்வதா?

#16 வெண்தொப்பி | வியாழக்கிழமை, இரவு 8.10

பிட்டு வேண்டாம் என்று சொல்கிற மனிதரா அவர்?

#17 உவர்மலை ஆசிரியை | வியாழக்கிழமை, இரவு 8.14

ஒரு நாளும் இல்லை.

#18 வெண்தொப்பி | வியாழக்கிழமை, இரவு 8.16

அப்படியானால் ஏழு என்று திருத்தி எழுதுங்கள். பத்தாம் நாளோடு நிறுத்தாமல் ஒரு நாள் கூடுதலாகவும் பாருங்கள். இன்று இரவு ஒட்சிசன் எவ்வளவு?

#19 உவர்மலை ஆசிரியை | வியாழக்கிழமை, இரவு 8.30

96. இருமிக்கொண்டே செய்தி பார்க்கிறார்.